இரவல் கரை

டிசம்பரில், வாசலில் பனி உறைந்து கிடக்கும்போதே ஜூன் மாதத்துக் கடற்கரைக்கு இடம் பிடித்துவிட வேண்டும். அமெரிக்க அரசின் பல தேசியப் பூங்காக்களில் கூடாரம் அடித்தோ வண்டியை நிறுத்தியோ தங்க நினைக்கிறவர்களுக்கு இது பழகிப்போன நியதி. தங்கப்போகும் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாக, கிழக்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. கடலையொட்டிய இடங்கள், அதுவும் வார இறுதி என்றால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துபோகும். நம் ஊர் ரயிலின் ஏ.சி. தட்கலும் அதே 10 மணிக்குத்தான் திறக்கிறது. அதில் பழகிய விரல்களுக்கு இங்கே சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு.

நாங்கள் குறிவைத்தது அசடீக் தீவு. வாஷிங்டனிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அட்லாண்டிக் கடலுக்கும் உள்நாட்டு உப்பங்கழிக்கும் நடுவே 37 மைல் நீளத்துக்கு, அதாவது சுமார் 60 கிலோமீட்டருக்கு, ஒல்லியாகக் கிடக்கும் மணல் திட்டு. வடபகுதி மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்தது, தென்பகுதி வர்ஜீனியா. பாறை கிடையாது, மலை கிடையாது. மணல், புல், பைன் மரங்கள், சதுப்பு, அப்புறம் காட்டுக் குதிரைகள்.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்த கோடை அது. வேதாரண்யம் உப்பளங்களில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அப்பா. நயாகரா, நியூயார்க் என்று வழக்கமான பட்டியலைச் சொன்னதற்கு, "அதெல்லாம் இருக்கட்டும், கடல் எங்கே இருக்கு?" என்றார். குழந்தைகளுக்குக் குதிரை வேண்டும். இந்தத் தீவின் குதிரைகளைப் பற்றி மார்கரீட் ஹென்றி 1947இல் எழுதிய 'மிஸ்டி ஆஃப் ஷிங்கோடீக்' என்ற சிறுவர் நாவலைப் பள்ளி நூலகத்திலிருந்து மாறி மாறி எடுத்துப் படித்திருந்தார்கள். என் கணவருக்கு ஒருமுறையாவது ஆர்.வி. ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். மூன்று ஆசைகளும் ஒரே இடத்தில் கூடுவது அபூர்வம். அசடீக்கில் கூடின.

ஆர்.வி. என்றால் சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. இதில் மூன்று வகுப்புகள். 'ஏ' என்பது பேருந்து அளவு. 'பி' ஒரு வேன்தான், இருவருக்குச் சரி. 'சி' இடைப்பட்டது, ஓட்டுநர் தலைக்கு மேல் பரண்போல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பெரியவர்கள், பிள்ளைகள் சேர்ந்த குடும்பத்துக்கு வாடகைக்குக் கிடைப்பதில் பொருத்தமானது 'சி'. சாதாரண கார் உரிமமே போதும். பரண் படுக்கையைப் பிள்ளைகள் முதல் பார்வையிலேயே கைப்பற்றிவிடுவார்கள் என்பதால் அதைப் பற்றித் திட்டமிட ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கு எந்தப் படுக்கை, இரவில் எழுந்தால் கழிப்பறைக்கு எத்தனை அடி, வண்டிப் படிக்கட்டின் உயரம் எவ்வளவு என்பதைத்தான் பார்த்து எடுக்க வேண்டும். எங்கள் வண்டியின் படி அம்மாவின் முழங்காலுக்கு உயரம் என்று தெரிந்ததும் ஒரு சிறிய முக்காலியைச் சேர்த்துக்கொண்டோம். போன சாமான்களில் அதிகம் பயன்பட்டது அதுதான்.

வாடகைக்குத் தருகிறவர் வண்டியைச் சுற்றிக் காட்டும்போது குறிப்பெடுத்துக்கொள்வது நல்லது. ஒரு நாளுக்கு எத்தனை மைல் வரை வாடகையில் அடக்கம், ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் இலவசம், கழிவுத் தொட்டியை யார் காலி செய்வது ஆகிய மூன்றும் இறுதி ரசீதில்தான் தலைகாட்டும். பெட்ரோல் கணக்கையும் முன்பே போட்டுவிட வேண்டும். ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் ஓடும். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டியின் உயிர் அதன் தொட்டிகளில் இருக்கிறது. நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேரும் சாம்பல் தொட்டி ஒன்று, கழிப்பறைக்கான கறுப்புத் தொட்டி ஒன்று. அமெரிக்காவின் பல முகாம்களில் வண்டியை நிறுத்தியதும் மின்சாரம், குடிநீர், கழிவுக் குழாய் மூன்றையும் செருகிக்கொள்ளலாம். அசடீக்கின் தேசியக் கடற்கரையில் இந்த இணைப்புகள் எதுவும் இல்லை. ரசாயனக் கழிப்பறை, குளிர்ந்த நீர்க் குளியல், குடிநீர்க் குழாய், அவ்வளவுதான். அதே தீவில் மேரிலாந்து மாநிலம் நடத்தும் தனிப் பூங்கா ஒன்று உண்டு. அங்கே வெந்நீர்க் குளியல் உண்டு, சில இடங்களில் மின்சாரமும் உண்டு. கைக்குழந்தையோ, இரவில் மூச்சுக் கருவி வைத்துத் தூங்குகிறவரோ உடன் வந்தால் தயங்காமல் மாநிலப் பூங்காவையே தேர்ந்தெடுக்கலாம். நாங்கள் தேசியக் கடற்கரையில் கடல் பக்கத்து வளாகத்தை எடுத்தோம். உப்பங்கழி பக்கம் இன்னொரு வளாகம் இருக்கிறது. சூரியன் சாய்வதைப் பார்க்க அது அழகு, ஆனால் கொசு அங்கேதான் முதலில் வரும்.

எங்கள் வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி சுமார் 40 கேலன், 150 லிட்டர். ஆறு பேர். குளியலுக்குக் கொடுத்தால் ஒரே நாளில் காலி. இந்தக் கணக்கு என் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும், அது தீராது என்பதுதான் அவர்கள் அறிந்த உலகம். அப்பா அளவுகாட்டியைப் பார்த்ததும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நிலத்தடியில் உப்பு ஏறிய ஊரில் வளர்ந்தவர். பல் துலக்க ஒரு குவளை, பாத்திரத்துக்கு ஒரு வாளி, கடலில் ஆடிவிட்டு வருகிறவர்கள் வெளிக்குழாயில் கால் கழுவிக்கொண்டுதான் வண்டிக்குள் ஏற வேண்டும் என்று சட்டம் போட்டார். "மாமா இருக்கிற வரைக்கும் தொட்டி வத்தாது" என்றார் என் கணவர். "உங்களுக்கும் சேத்துத்தான் மாப்பிள்ளை சட்டம்" என்றார் அப்பா.

சாப்பாட்டை அம்மாதான் திட்டமிட்டாள். பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை, குளிர்பெட்டி சிறியது, வெயிலோ ஜூன் மாத வெயில். இந்த மூன்று நிபந்தனைகளுக்கும் நம் கட்டுச்சோற்றைவிடப் பொருத்தமான பதில் வேறில்லை. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், எலுமிச்சைச் சாதத்துக்குத் தாளிப்பு, பருப்புப் பொடி, மாவடு. சோறு மட்டும் அங்கே வடித்தால் போதும். இட்லி மாவு கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு, "குலுங்குற வண்டியில பொங்கி வழிஞ்சா யாரு கழுவுறது?" என்று முடித்துவிட்டாள். விறகை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப்போகக் கூடாது. மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடு ஊர்விட்டு ஊர் பரவுகின்றன என்பதால், போகிற இடத்துக்கு அருகிலேயே வாங்கி அங்கேயே எரித்துவிடும்படி அமெரிக்கப் பூங்காக்கள் வலியுறுத்துகின்றன.

மிச்சம் இருந்தது காற்று. கடலோர முகாமில் மழையைவிடக் காற்றின் திசைதான் முக்கியம். அசடீக்கில் மே மாத நடுவிலிருந்து இலையுதிர்காலம் வரை கொசுவும் கடிக்கும் ஈக்களும் உண்டு; புல்லில் உண்ணியும் இருக்கும். கடலிலிருந்து காற்று வந்தால் அவை சதுப்பை விட்டு நகராது. மேற்கிலிருந்து வந்தால் மொத்தமும் கடற்கரைக்கு வந்துவிடும். கிழக்குப் பார்த்த கடற்கரை என்பதால் வேதாரண்யத்துக் கணக்கு அப்படியே பொருந்தியது. வானிலை அறிக்கையை நான் படிக்கப் படிக்க, "கொண்டல் அடிச்சா பொழைச்சோம். கச்சான் அடிச்சா வண்டிக்குள்ளதான்" என்றார் அப்பா. இந்தத் தீவைப் பற்றிய வழிகாட்டிகள் சொல்லும் அறிவுரையும் இதுவேதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கின்றன.

கொசு வேண்டாம், கூட்டம் வேண்டாம் என்பவர்கள் செப்டம்பர் கடைசியில் போகலாம். கடலில் வெதுவெதுப்பு மிச்சம் இருக்கும். ஆனால் அது புயல் காலமும்கூட. பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குத் தேர்வு இல்லை, ஜூனோ ஜூலையோதான்.

புறப்பாட்டை வார நடுவில் வைத்துக்கொண்டோம். காரணம் செசபீக் விரிகுடாப் பாலம். 1952இல் ஒன்று, 1973இல் அதன் பக்கத்தில் இன்னொன்று என இரட்டைப் பாலங்கள், ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளம். வாஷிங்டன், பால்டிமோர் மக்கள் கடலுக்குப் போக இதைத்தான் கடந்தாக வேண்டும் என்பதால் கோடை வெள்ளிக்கிழமைகளில் மைல் கணக்கில் வண்டிகள் நிற்கும். காற்று மிஞ்சினால் வீட்டு வண்டிகளை ஏற விடவும் மாட்டார்கள். கப்பல்கள் அடியில் போக வேண்டும் என்று நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மேலே ஏறும்போது பக்கச்சுவர் தணிந்து தண்ணீர் மட்டும் தெரியும். காரில் பலமுறை கடந்த பாலம்தான். வீட்டு வண்டியின் பக்கவாட்டில் காற்று அறையும்போது அது வேறு பாலம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு வேளாங்கண்ணி மாதாவையும் வேதாரண்யேசுவரரையும் பாரபட்சம் இல்லாமல் கூப்பிட்டாள். சுங்கம் கிழக்கே போகும்போது மட்டும்தான். திரும்பி வர இலவசம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலம் தட்டையாகிவிடுகிறது. சோளம், சோயா, நீளநீளமான கோழிப் பண்ணைகள். 50ஆம் எண் நெடுஞ்சாலை ஈஸ்டன், கேம்பிரிட்ஜ் ஊர்கள் வழியாகப் போகிறது. அடிமையாகப் பிறந்து தப்பி, அடிமை முறைக்கு எதிரான பெருங்குரலாக எழுந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் பிறந்த மாவட்டத்தில் இருக்கிறது முதலாவது. தான் தப்பியதோடு நில்லாமல் திரும்பத் திரும்ப வந்து மற்றவர்களையும் வடக்கே அழைத்துச் சென்ற ஹேரியட் டப்மன் பிறந்த மாவட்டத்தில் இருக்கிறது அடுத்தது. சாலையோரக் கடைகளில் தக்காளியும் தர்பூசணியும் குவித்து வைத்திருந்தார்கள். நிறுத்தி வாங்கிக்கொண்டோம். இதே நெடுஞ்சாலை ஓஷன் சிட்டியில் முடியும் இடத்தில், மறுமுனையான கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ 3,073 மைல் என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதற்கு முன்பே தெற்கே திரும்பி, சினபக்சன்ட் கழியின் மேலுள்ள பாலத்தைக் கடந்து தீவில் இறங்கினோம்.

முதல் குதிரைகள் முகாமுக்குப் போகும் சாலையிலேயே நின்றன. பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டான உடல், கண்ணை மறைக்கும் பிடரி மயிர். சாலையின் நடுவில் இரண்டு நிற்க, இருபக்கமும் வண்டிகள் நின்று காத்திருந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பூங்காவின் தன்னார்வலர் ஒருவர் சைக்கிளில் வந்து, இறங்கிப் படம் எடுக்கப் போனவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். 40 அடி, அதாவது 12 மீட்டர் விலகி இருக்க வேண்டும் என்பது விதி. அவை கடிக்கும், உதைக்கும்.

"நம்ம கோடியக்கரை மட்டக்குதிரையேதான்" என்றாள் அம்மா. "வயிறு மட்டும் பெருசா இருக்கு."

அவள் சொன்ன இரண்டுமே சரி. வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களோடு காட்டுத்தனமாகத் திரியும் மட்டக்குதிரைகள் உண்டு. யாரோ எப்போதோ வளர்த்து விட்ட குதிரைகளின் வழிவந்தவை. அசடீக் குதிரைகளின் கதையும் அப்படித்தான். உடைந்த ஸ்பானியக் கப்பலிலிருந்து நீந்திக் கரையேறியவை என்பது இங்கே எல்லாரும் விரும்பும் கதை. வேலி கட்டும் சட்டத்துக்கும் கால்நடை வரிக்கும் தப்பிக்க 17ஆம் நூற்றாண்டுக் குடியேறிகள் தீவில் கொண்டுவந்து விட்டவை என்பது வரலாற்றாளர்கள் நம்பும் கதை. 2022இல் கதைக்காரர்களுக்குக் கொஞ்சம் தெம்பு கிடைத்தது. இன்றைய ஹெய்ட்டியில் இருந்த 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் குடியேற்றம் ஒன்றில் கிடைத்த குதிரைப் பல்லின் மரபணுவைச் சோதித்தபோது, உயிரோடு இருக்கும் குதிரைகளில் இந்தத் தீவின் ஷிங்கோடீக் இனமே அதற்கு மிக நெருக்கமாக இருந்தது. கப்பல் உடைந்ததற்கு அது சாட்சியாகாது. ஸ்பானிய ரத்தத்துக்குச் சாட்சி.

வயிறு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் கொழுப்பல்ல. சதுப்பில் விளையும் உப்பேறிய புல்லைத் தின்பதால் வீட்டுக் குதிரையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கின்றன, ஊதிப்போகின்றன. சத்துக் குறைந்த அந்தத் தீனியால்தான் உருவமும் சிறுத்திருக்கிறது.

தீவில் இரண்டு மந்தைகள். மாநில எல்லையில் ஒரு வேலி அவற்றைப் பிரிக்கிறது. வர்ஜீனியா மந்தை ஷிங்கோடீக் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். 1925 முதல் ஜூலை மாதக் கடைசிப் புதன்கிழமையில் குதிரைகளைக் கழியில் நீந்தவிட்டு ஊருக்குக் கொண்டுவந்து, மறுநாள் குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். தீயணைப்பு வண்டி வாங்கப் பணம் சேர்க்கத் தொடங்கிய வழக்கம். மந்தை 150க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளவும் உதவுகிறது. மேரிலாந்து மந்தையைத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. அங்கே ஏலம் இல்லை. 1994இல் பெண் குதிரைகளுக்குத் தூரத்திலிருந்து ஊசி எய்து கருத்தடை செய்யத் தொடங்கினார்கள். 80 முதல் 100 குதிரைகள் வரை இருந்தால் தீவின் புல் தாங்கும் என்பது கணக்கு. வர்ஜீனியாப் பகுதியில் முகாமிட முடியாது என்பதால், வண்டியில் தங்குகிறவர்கள் பார்ப்பது மேரிலாந்து மந்தையைத்தான்.

முகாமில் முதல் பாடம், சாப்பாட்டை வெளியே வைக்கக் கூடாது. மேசைமேல் இருந்தாலும் பெட்டியில் இருந்தாலும் குதிரை வரும். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்ட குதிரைகள் இருக்கின்றன. மீறினால் அபராதம். ஆனால் அபராதத்தைவிடப் பெரிய தண்டனை குதிரைக்குத்தான். 'சிப்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஓர் ஆண் குதிரை முகாம்வாசிகளின் தின்பண்டத்துக்கு அடிமையாகி, கூடாரங்களைத் துழாவி, மனிதர்களோடு மல்லுக்கு நின்றது. வேறு வழியில்லாமல் 2022இல் அதைப் பிடித்து டெக்சஸில் உள்ள விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். யாரோ நீட்டிய உருளை வறுவலுக்காக அது பிறந்த தீவை இழந்தது. இதைக் கேட்டபின் என் சின்னவன் கையிலிருந்த பிஸ்கட்டை வண்டிக்குள் ஓடிப்போய்த் தின்றுவிட்டு வந்தான்.

வண்டி நிறுத்தத் தார்த்தரை இருந்தது. சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் செய்துகொண்டோம். வண்டி சாய்ந்திருந்தால் தூக்கம் வராது என்பது ஒரு பக்கம்; சில குளிர்பெட்டிகள் சாய்வில் ஒழுங்காக வேலை செய்யாது. பக்கத்து இடத்தில் கூடாரம் அடித்த இளைஞர்கள் சாதாரண முளைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். மணலில் அவை பிடிக்காது. முழ நீள முளைகள் வேண்டும். மாலையில் காற்று எழுந்ததும் கூடாரம் எங்கள் வண்டியில் வந்து சாய்ந்தது. அப்பா பழைய பைகளில் மணல் நிரப்பிக் கயிறு கட்டிப் புதைக்கச் சொல்லிக்கொடுத்தார். மொழி இல்லாமலே நடந்த பாடம். அதே காற்றில் வண்டியின் வெயில் மறைப்பைச் சுருட்டிவிட வேண்டும். ராத்திரி விரித்து வைத்தால் காலையில் கம்பிதான் மிஞ்சும். பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டர் ஓடக் கூடாது. ஆகவே குளிர்சாதனம் இல்லை, சன்னல்தான். கொண்டல் அடித்தது, பிழைத்தோம்.

மறுநாள் காலை மணல்மேடுகளுக்குள் போகும் நடைபாதையில் சென்றோம். பாதையோரம், புதருக்கும் மணலுக்கும் நடுவே, உடைந்த தார்ச்சாலைத் துண்டுகள். அதன் பெயர் பால்டிமோர் பூல்வார்ட். 1950களில் மனை வியாபாரிகள் இந்தத் தீவைக் கூறுபோட்டுச் சுமார் 5,000 மனைகளாக விற்றார்கள். ஓஷன் பீச் என்று நகருக்குப் பெயரும் வைத்து, தீவின் நெடுக்கில் இந்தச் சாலையைப் போட்டார்கள். சில வீடுகளும் எழுந்தன. 1962 மார்ச்சில் ஒரு புயல் வந்தது. திருநீற்றுப் புதனை ஒட்டி வந்ததால் அந்தப் பெயராலேயே அறியப்படுகிறது. கரையை விட்டு நகராமல், ஐந்து ஓத ஏற்றங்கள் கடக்கும்வரை அடித்தது. தீவின்மேல் கடல் ஏறி மறுபக்கம் இறங்கியது. சாலை உடைந்தது, வீடுகள் போயின, மனைகள் இருந்த இடம் தண்ணீராயிற்று. இங்கே இனி நகரம் கட்ட முடியாது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. 1965 செப்டம்பர் 21 அன்று அரசு தீவைத் தேசியக் கடற்கரையாக அறிவித்து, மனைகளைத் தானே வாங்கிக்கொண்டது.

வடக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஓஷன் சிட்டியின் அடுக்குமாடிகள் தெரிந்தன. முன்பு அந்த ஊரும் இந்தத் தீவும் ஒரே நிலம். 1933 ஆகஸ்டில் வந்த புயல் நடுவே வாய்க்கால் வெட்டியது. மீன்பிடிப் படகுகளுக்கு வசதி என்று, அது மூடிவிடாதபடி இருபுறமும் கல்தடுப்புப் போட்டார்கள். வடக்கிலிருந்து தெற்காகக் கரையோடு நகர்ந்து வந்த மணல் அந்தத் தடுப்பில் நின்றுவிட்டது. ஓஷன் சிட்டியின் கடற்கரை அகலமானது. மணல் வரத்து இல்லாத அசடீக்கின் வடமுனை தேய்ந்து, மேற்கே நகர்ந்து, இன்று பழைய இடத்தைவிட்டு முழுத் தீவின் அகலத்துக்கு விலகி நிற்கிறது. இப்போது ஆண்டுக்கு இருமுறை மணலை அள்ளி வந்து கொட்டி ஈடுகட்டுகிறார்கள்.

"தனுஷ்கோடி போனது அந்த அறுபத்திரெண்டு புயலுக்கு ரெண்டு வருஷம் அப்புறம்" என்றார் அப்பா. 1964 டிசம்பர். அதற்கு மேல் அவர் பேசியது 2018 நவம்பரைப் பற்றி. வேதாரண்யத்தில் கஜா புயல் கரையேறிய இரவு, தென்னையும் மாமரமும் சாய்ந்தது, உப்பளங்கள் சேறானது, கோடியக்கரையில் மான்களும் குதிரைகளும் மடிந்து கிடந்தது. அசடீக்கிலும் 1962இல் குதிரைகள் மடிந்தன.

ஆனால் இரண்டு கரைகளுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வேதாரண்யத்தில் கடலை விட்டுவிட்டுப் போக மக்களால் முடியாது. உப்பும் மீனும் அங்கேதான். அசடீக்கில் மனை வாங்கியவர்களுக்கு வேறு ஊரில் வீடு இருந்தது. கரையைக் கடலுக்கே விட்டுக்கொடுக்க முடிந்தது. நகரும் தீவில் நகரும் வீட்டோடு வந்து, இரண்டு ராத்திரி இருந்துவிட்டுப் போவதற்கு எங்களுக்கு இடம் கிடைத்திருப்பது அந்த விட்டுக்கொடுத்தலால்தான். முகாம் எவ்வளவு அசௌகரியமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது நியாயமாக இருக்கிறது. இங்கே கழிவுக் குழாய் பதித்தால் நாளைக்கு அதைக் காக்கச் சுவர் வேண்டும். சுவரைக் காக்கக் கல்தடுப்பு வேண்டும். அப்புறம் மணல் வேறெங்கோ நின்றுபோகும்.

பிற்பகலில் கழி பக்கம் நண்டு பிடிக்கப் போனோம். கயிற்றின் நுனியில் கோழிக் கழுத்தைக் கட்டி முழங்கால் ஆழத் தண்ணீரில் போட்டுவிட்டு, கயிறு விறைத்ததும் மெதுவாக இழுத்து, அடியில் வலையை நீட்டி அள்ள வேண்டும். அவசரப்பட்டால் விட்டுவிடும். மேரிலாந்தின் நீல நண்டு புகழ்பெற்றது. சிறியவற்றையும் பெண் நண்டுகளையும் திருப்பி விட்டுவிட்டோம். அடிவயிற்று மூடி வாஷிங்டன் நினைவுத் தூணைப்போல் ஒல்லியாக இருந்தால் ஆண், நாடாளுமன்றக் குவிமாடத்தைப்போல் அகன்றிருந்தால் பெண் என்று இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். அப்பாவுக்குத் தூணும் தேவையில்லை, குவிமாடமும் தேவையில்லை. தூக்கிப் பார்த்த கணமே "பொட்டை, விடு" என்பார். பேரன் விட்டுவிடுவான். வைத்துக்கொள்ளும்படி தேறியது கொஞ்சம்தான். அம்மா மிளகு தட்டிப் போட்டு நண்டு ரசம் வைத்தாள். சன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்ததால் குதிரைகள் வரவில்லை. பக்கத்துக் கூடாரத்து இளைஞர்கள் வந்தார்கள்.

கடலில் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. அட்லாண்டிக் அலை இங்கே கரைக்கு அருகிலேயே உடைந்து மணலோடு புரட்டும். உள்ளிழுக்கும் நீரோட்டங்களும் உண்டு. இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். கோடையில் உயிர்காப்பாளர்கள் நிற்கும் பகுதி ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை அங்கே மட்டும் இறக்குவது நல்லது. வெயில் ஏறியதும் குதிரைகளும் கடற்கரைக்கு வந்தன. சதுப்பின் ஈக்களுக்குப் பயந்து, அலை தொடும் இடத்தில் வரிசையாக நின்றுகொண்டன. குடை விரித்திருந்தவர்கள் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்கள். இந்தக் கடற்கரையில் முன்பதிவு அவற்றுக்குக் கிடையாது, முன்னுரிமை உண்டு.

கிளம்பும் காலையில் செய்ய வேண்டியவை ஏராளம். மட்டக்கட்டைகளை எடுக்க, அடுப்பு வாயுவை மூட, அலமாரிகளைப் பூட்ட. கடைசியாகக் கழிவு கொட்டும் நிலையம். வண்டியை ஒட்டி நிறுத்தி, கையுறை போட்டு, தடித்த குழாயை இணைத்து, முதலில் கறுப்புத் தொட்டியைத் திறக்க வேண்டும். அப்புறம்தான் சாம்பல் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வரிசை மாறக் கூடாது. குடும்பம் முழுக்க இரண்டு ராத்திரியில் என்ன மிச்சம் வைக்கிறது என்பது இங்கே ஓசையோடு தெரிந்துவிடும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு முழுவதையும் பார்த்தார்கள். என் கணவர் குழாயைப் பிடிக்க, அப்பா அளவுகாட்டியைப் பார்த்து, "நல்ல தண்ணி இன்னும் கால் தொட்டி இருக்கு மாப்பிள்ளை" என்று கணக்கை ஒப்படைத்தார்.

அடுத்த டிசம்பரில் மறுபடி பதிவு செய்யலாமா என்று கேட்டேன்.

"எனக்கு இந்த நாட்டுல ஆறு மாசம்னு முத்திரை குத்திருக்கான். இந்த எடத்துல காலையில வரைக்கும்தான்னு சீட்டு குடுத்திருக்கான். கெடு இல்லாம இருக்கறது அந்தக் குதிரை மட்டுந்தான்" என்றார்.

"அதுக்குந்தான் ஊசி போடுறாங்களே" என்றாள் அம்மா, முக்காலியை எடுத்து வண்டிக்குள் வைத்துக்கொண்டே. "பதிவு பண்ணு. செப்டம்பர்ல போடு, கொசு இருக்காது."